நான்காம் படத்தின் சுண்டுவிரல்

பழைய புகைப்படங்களைப் பார்ப்பதற்கு ஸ்யாமளா ஒரு வரிசை வைத்திருந்தாள். முதலில் காது, பிறகு மூக்கு, கழுத்து, தோள், கை, கால். முகம் கடைசியில்தான். முகத்தை முதலில் பார்த்துவிட்டால் மற்ற உறுப்புகளெல்லாம் அது சொல்கிறபடி ஆட ஆரம்பித்துவிடும் என்பது அவளுடைய எண்ணம்.

மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவள் வரலாறு கற்பித்தாள். வயது நாற்பத்திரண்டு. வடக்கு ஆவணி மூல வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் அப்பாவோடு இருந்தாள். அந்த வருஷம் ஆவணியில் கல்லூரிக்கு ஒரு தகரப் பெட்டி வந்தது. இடிக்கப்போகும் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு வக்கீல் குடும்பம் கொடுத்தனுப்பியது. உள்ளே கெட்டி அட்டையில் ஒட்டிய ஒன்பது படங்கள். ஒன்பதும் பெண்கள். பின்பக்கம் பென்சிலில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள் இருந்தன. எடுத்தவர் பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது. ஒன்பதாவதில் மட்டும் மையில் 1882 என்று எழுதியிருந்தது.

“எங்க குடும்பத்து ஆளுங்க யாரும் இல்லைங்க மேடம். தாத்தா எங்கியோ ஏலத்துல எடுத்ததாம்” என்று வக்கீலின் பேரன் சொல்லிவிட்டான்.

நூறு வருஷத்துக்கு முந்திய ஒன்பது பெண்கள். ஒருத்திக்கும் பெயர் இல்லை. தை பிறப்பதற்கு முன் ஊரில் உலகத் தமிழ் மாநாடு நடக்க இருந்தது. மதுரை முழுக்க வெள்ளையடித்துக்கொண்டும் வளைவு கட்டிக்கொண்டும் இருந்தார்கள். மாநாட்டு நாட்களில் கல்லூரியிலும் ஒரு கண்காட்சி வைப்பது என்று முடிவாயிற்று. படங்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்க அட்டை எழுதும் வேலை ஸ்யாமளாவுக்கு வந்தது.

முதல் மூன்று படங்களில் அவள் தன் வரிசையைத் தவறவிடவில்லை. இரண்டாவதில், முக்காட்டின் மேல் கூடை வைத்து இடது கையால் அதைப் பிடித்தபடி, ரவிக்கை இல்லாமல் ஒரு பெண் நின்றாள். அவளைக் கூலிப்பெண் என்று எழுதினாள். நான்காவதில் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காதை முடியும் மாட்டலும் மறைத்திருந்தன. கழுத்தில் காசுமாலை. அடுத்தது தோள். அங்கே ஸ்யாமளாவின் பூதக்கண்ணாடி நின்றுவிட்டது.

மடிசார். தலைப்பு வலது தோளில்.

அய்யங்கார் வீடுகளில் மடிசார்த் தலைப்பு இடது தோளில் வரும். அய்யர் வீடுகளில் வலது தோளில். இதை ஸ்யாமளா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கல்யாண வீடுகளில் தூணோரம் உட்கார்ந்தே தெரிந்துகொண்டது. இந்தப் பெண் நம் வீட்டுப் பெண் என்று அவளுக்குள் ஏதோ சொல்லிற்று. அதற்கப்புறம் கையைப் பார்த்தாள். ஆனால் பார்த்தவள் பழைய ஸ்யாமளா இல்லை. மடியில் வைத்த வலது கையில் சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் விறைத்து நின்றது. ‘விரலைத் தனித்து வைத்திருக்கும் நாசூக்கு’ என்று குறித்துக்கொண்டாள். சுண்டுவிரலின் குறுக்கே ஒரு கோடு ஓடியது. படத்தாளின் விரிசலாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். முகம் மற்ற படங்களைவிடச் சற்று மங்கலாக இருந்தது. ‘வெட்கத்தில் கரைந்த முகம்’ என்று எழுதினாள். எழுதி முடித்தபோது அவளுக்கே பிடித்திருந்தது.

படத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் அப்பாவிடம் காட்டியது ஐப்பசியில்.

அப்பா ஹாலாஸ்யம், ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்து வயது. ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். மனைவி போனபின் அதுவும் குறைந்தது. அப்பாவும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து, மின்விசிறியின் சத்தத்தைக் கேட்டபடி ஒரு மாலைப்பொழுதையே கழித்துவிடுவார்கள். இருவருக்கும் அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை.

ஹாலாஸ்யத்தின் தகப்பனாரைப் பெற்றவள் ஜகதாம்பாள். அவள் கணவர் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா. ஊருக்குப் படப்பெட்டியோடு ஒருவன் வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, திரை போட்ட வண்டியில் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார். தெருவே மூக்கில் விரலை வைத்தது. படம் வீட்டுக்கு வந்து சேரவில்லை. இரண்டு வருஷத்தில் காய்ச்சல் கண்டு ஜகதாம்பாள் செத்துப்போனாள். அந்தப் பெட்டிதான் ஆயுளை உறிஞ்சிவிட்டது என்றார்கள். அப்போது ஹாலாஸ்யத்தின் தகப்பனாருக்கு நாலு வயது. அவருக்கே அம்மாவின் முகம் நினைவில் இல்லாமல் போயிற்று.

தகப்பனார் காலமான நாளிலிருந்து ஒவ்வொரு அமாவாசையும் ஹாலாஸ்யம் தர்ப்பணம் செய்கிறார். எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது அம்மா, அப்பாவின் அம்மா, தாத்தாவின் அம்மா என்று மூன்று பெயர்கள் சொல்ல வேண்டும். முதல் பெயருக்கு அவரிடம் முகம் இருந்தது. மூன்றாவது பெயர் தொலைவு. அதற்கு முகம் தேவைப்படவில்லை. இரண்டாவதில்தான் அவருக்கு ஒவ்வொரு தடவையும் கை ஒரு நொடி தயங்கும். ஸ்யாமளா சிறுமியாக இருந்தபோதே இதைக் கவனித்திருக்கிறாள்.

படத்தை அவர் அன்று சாயங்காலம் முழுக்கக் கையில் வைத்திருந்தார்.

“வருஷம் ஒத்துப் போறதுப்பா. வயசும் ஒத்துப் போறது. மடிசாரும் நம்மாத்துக் கட்டு. நிச்சயம்னு சொல்ல முடியாது. இருக்கலாம்” என்றாள் ஸ்யாமளா.

“இருக்கலாம்” என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, “பெரிசா ஒண்ணு போட முடியுமா?” என்றார்.

டவுன்ஹால் ரோட்டில் பேச்சிமுத்துவின் ஸ்டுடியோவில் பெரிதாக்கி, சட்டமும் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். கார்த்திகை அமாவாசையன்று தர்ப்பணம் முடித்து ஈர வேட்டியோடு வந்து, ஹாலாஸ்யம் படத்தின் முன் நின்றார்.

“பேர் சொல்லும்போது எள்ளு எங்கே போறதுன்னு இப்பத்தான் தெரியறது” என்றார்.

அவள் அறிந்தவரை அப்பா சொன்ன மிக நீளமான வாக்கியங்களில் அது ஒன்று. அன்றோடு ‘இருக்கலாம்’ என்ற சொல் அந்த வீட்டிலிருந்து போய்விட்டது. கல்லூரி முதல்வருக்கும் விஷயம் தெரிந்து, “நம்ம ஸ்டாஃப் மெம்பரோட கொள்ளுப்பாட்டி! அதைத்தான் நடுவுல வைக்கணும்” என்றார். நான்காம் படத்துக்கு ஸ்யாமளா புது அட்டை எழுதினாள்: ‘ஜகதாம்பாள், மதுரை, சுமார் 1882.’ ஒன்பதில் ஒருத்திக்காவது பெயர் கிடைத்தது என்று நினைத்தாள்.

கண்காட்சிக்கு மூன்று நாள் இருந்தது. மார்கழி வெயில் சாய்வாக வரும் பெரிய வகுப்பறையில் பலகைகளை நிறுத்தி, படங்களை எண் வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். கூட இருந்தவள் சோணையம்மாள், கல்லூரியில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆனவள். வாடிப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். அதற்கு முன் காலமெல்லாம் பிறர் வயலில் நடவும் அறுப்பும் பார்த்தவள். ஸ்யாமளாவைவிட மூன்று நாலு வயது மூத்தவளாக இருக்கலாம்.

பழந்துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தவள், நான்காம் படத்தில் நின்றாள்.

“டீச்சர், இந்தம்மா பீச்சாங்கைக்காரியா?”

“ஏன் கேக்கறீங்க?”

“இல்ல, கருக்கருவா வெட்டு சோத்தாங்கையில விழுந்திருக்கே. அருவாள சோத்தாங்கையில புடிப்போம், கதுர பீச்சாங்கையில புடிப்போம். பல்லு வச்ச அருவா நழுவுச்சுன்னா கதுரு புடிச்ச கையிலதான இழுக்கும்? இவ மாத்திப் புடிச்சிருப்பா போல.”

ஸ்யாமளா சிரித்தாள். “அவங்க அறுப்புக்குப் போற வீடு இல்ல சோணையம்மா. அது எங்கப்பாவோட பாட்டி.”

“ஆத்தீ! சொல்லவேயில்லையே.” சோணையம்மாள் துணியை ஒரு மடிப்பு மடித்து, மரியாதையாக இன்னொரு தடவை துடைத்தாள். “அப்ப அருவாமணையில நறுக்கிக்கிட்டாக போல.” துடைத்த கை நின்றது. அவளுக்கு மனசு ஆறவில்லை. “ஆனா அருவாமணைன்னா நுனியிலதான டீச்சர் வெட்டும்? இது அடிக்கணுவுலல்ல இழுத்திருக்கு. நரம்பு போயிருச்சு. வெரலு மடங்காது. இந்தா, என்னையப் போல.”

இடது கையை விரித்துக் காட்டினாள். சுண்டுவிரலின் அடியில் குறுக்கே ஒரு வெளிறிய தழும்பு. மற்ற நாலு விரல்களையும் மடக்கினாள். சுண்டுவிரல் விறைத்து நின்றது.

“எங்கூருல மோதரம் போட்ட கையத் தேடணும். இந்த வெட்டு இல்லாத பொம்பளக் கையையும் தேடித்தான் புடிக்கணும்” என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்துப் பலகைக்குப் போனாள். கூலிப்பெண்ணைப் பார்த்தாள். “அந்தா, இந்தக் கூடக்காரிக்கும் அதே எடத்துலதான். இவளுக்குச் சரியான கையில இருக்கு.”

ஸ்யாமளா உடனே எழுந்துபோகவில்லை. கையிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டாள். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனாள்.

கூடையைப் பிடித்த இடது கையில் சுண்டுவிரல் கூடையைத் தொடாமல் வெளியே நின்றது. அடிக்கணுவில் ஒரு கோடு. அந்தப் படத்தின் தாளில் விரிசலே இல்லை. எட்டாம் படத்துக்குப் போனாள். வீணையோடு இருக்கும் தாசி என்று அவள் எழுதியிருந்த படம். மெட்டுகளின் மேல் வைத்த இடது கை. சுண்டுவிரல் மட்டும் தந்தியை விட்டு எழும்பி நின்றது. ‘பயிற்சி பெற்ற விரல்களின் லாகவம்’ என்று அட்டையில் இருந்தது. அடிக்கணுவில் அதே கோடு.

இரண்டாவதையும் எட்டாவதையும் கழற்றி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நகையையும் கூடையையும் உள்ளங்கையால் மறைத்தபோது ஒரே முகம்தான் இருந்தது. நான்காவதை அருகில் வைத்தாள். அது வேறு முகமாகத்தான் தெரிந்தது. சற்று ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல்தான் அவளுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

பொட்டு சரிசெய்வதற்காகக் கைப்பையில் வைத்திருந்த வட்டக் கண்ணாடியை எடுத்து, நான்காம் படத்தின் பக்கத்தில் செங்குத்தாகப் பிடித்தாள். கண்ணாடிக்குள் தலைப்பு இடது தோளுக்கு மாறியது. தழும்பு இடது கைக்குப் போயிற்று. கூடைக்காரி நாற்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்த்தாள்.

“என்ன டீச்சர், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீக?”

“ஒண்ணுமில்ல. நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க.”

சாயங்காலம் நான்காம் படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பேச்சிமுத்துவிடம் போனாள். அவர் அதை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தார்.

“கண்ணாடி நெகட்டிவ்வ பக்கம் மாத்திப் போட்டு பிரிண்ட் எடுத்துருக்கான் மேடம். மருந்துப் பக்கம் பேப்பர்ல ஒட்டலன்னா இப்படித்தான் லேசா மங்கும். எங்க கடையிலயே மாசத்துக்கு ஒண்ணு நடக்கும். சட்டைப் பாக்கெட் வலது பக்கம் வந்து காட்டிக் குடுத்துரும். கல்யாணப் பார்ட்டி வந்து சண்டை போடுவான்.” படத்தைத் திருப்பித் தந்தார். “அன்னைக்குப் பெருசு பண்ணும்போதே மங்கலா இருக்கேன்னு நெனச்சேன். பழசுதானேன்னு விட்டுட்டேன். நேராப் போட்டு இன்னொண்ணு தரட்டா?”

“வேண்டாம்” என்றாள்.

நடந்தே வீட்டுக்குப் போனாள். வெட்கத்தில் கரைந்த முகம் என்று எழுதியது நினைவுக்கு வந்தது. புகைப்படக்காரன் ஒருத்தியைக் கூப்பிட்டு, கூடை கொடுத்து ஒரு படம், வீணை கொடுத்து ஒரு படம், மடிசார் கட்டிவிட்டு ஒரு படம் எடுத்திருக்கிறான். கடல் தாண்டி எங்கோ இருப்பவர்களுக்கு இந்த ஊர்ப் பெண்களை வகைவகையாகக் காட்ட அவனுக்கு ஒரே உடம்பு போதுமானதாக இருந்திருக்கிறது. உடையைப் பார்த்து அவர்கள் நம்பியிருப்பார்கள். அவளும் அப்படித்தான் நம்பினாள். ஒரு வித்தியாசம்: அவர்களுக்கு வலது தோளுக்கும் இடது தோளுக்கும் பேதம் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

கூடத்தில் விளக்கு எரிந்தது. அப்பா படத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“கண்காட்சி திறக்கற முதல் நாளே வரேன்” என்றார். “ரிக்‌ஷா சொல்லிடு.”

ஒரு வருஷமாக வாசல்படி தாண்டாதவர். அவள் “சரிப்பா” என்றாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தாள். மின்விசிறி சுற்றாத மார்கழி, சத்தம்கூட இல்லை. அட்டையை மாற்றாமல் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சோணையம்மாள் மறந்துவிடுவாள். கொஞ்ச நாள் போனால் பேச்சிமுத்துவுக்கும் எந்தப் படம் என்பதே நினைவிருக்காது. அமாவாசைதோறும் எள் சரியான இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து சாதம் வடிக்கப் போனபோது ஒரு முடிவும் ஏற்பட்டிருக்கவில்லை.

மறுநாள் காலையில் வகுப்பறையைத் திறந்ததும் சோணையம்மாளிடம் கேட்டாள்.

“அந்தப் படத்தைப் பெரிசாப் போட்டு ஒண்ணு வச்சிருக்கேன். நல்ல சட்டம். உங்களுக்கு வேணுமா?”

“எனக்கெதுக்கு டீச்சர்?”

“நீங்க சொன்னது சரிதான். அவங்க அறுப்பு அறுத்தவங்கதான். மூணும் ஒரே பொம்பளை. எங்க பாட்டி இல்ல. உங்க பக்கத்து ஆளா இருக்கலாம்னு...”

சோணையம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள்.

“ஒங்க வீட்டுல வேணாம்னு ஆனதும் எங்க பக்கத்து ஆளாயிட்டாளா?”

ஸ்யாமளா கையிலிருந்த அறைச் சாவியை மேஜையில் வைத்தாள்.

“கோவத்துல கேக்கல டீச்சர். சிரிப்பாணியா வருது. கையில வெட்டு இருந்தா எங்க ஆளா? வைகைத் தண்ணி பாஞ்ச ஊரு அம்புட்டுலயும் அறுத்திருக்காளுக. எத்தன சாதி, எத்தன சனம். எங்க அம்மாச்சி தங்கப்பொண்ணுன்னு ஒருத்தி இருந்தா. படம்கிடம் ஒண்ணும் கெடையாது. அவ எப்பிடிச் சிரிப்பான்னு நான் செஞ்சே காட்டுவேன். ஊரு பேரு தெரியாதவளக் கொண்டுபோயி மாட்டிட்டு, நாளைக்கு அவ பேரன் பேத்தி வந்து கேட்டா நானா பதில் சொல்றது?”

விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நடந்தவள் கதவருகே திரும்பினாள்.

“பேரு தெரியலன்னா தெரியலன்னு எழுதிப் போடுங்க. அதுல என்ன இருக்கு?”

ஸ்யாமளா மேஜைக்கு முன் உட்கார்ந்தாள். நேற்றுவரை தோளைப் பார்த்து உறவு கொண்டாடியவள் இன்று விரலைப் பார்த்து உறவைத் தூக்கிக் கொடுக்கப் போயிருக்கிறாள் என்று தோன்றியது. ஒன்பது அட்டைகளையும் கிழித்தாள். எழுதும்போது கை வேகமாக ஓடவில்லை. ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, தெரியுமா என்று கேட்டு வைக்க வேண்டியிருந்தது. வெட்கம் போயிற்று. நாசூக்கும் லாகவமும் போயின. மத்தியானத்துக்குள் ஒன்பதும் சிறிய அட்டைகளாகிவிட்டன. நான்காம் படத்துக்கு இப்படி எழுதினாள்:

‘2, 4, 8 ஆகிய படங்களில் இருப்பவர் ஒரே பெண். பெயர் தெரியவில்லை. இடது சுண்டுவிரலின் அடியில் கருக்கரிவாள் பட்டது போன்ற தழும்பு இருக்கிறது. நெல் அறுத்தவராக இருக்கலாம். உடைகள் இவருடையவை என்று சொல்வதற்கில்லை. இந்தப் படம் இடவலம் மாறி அச்சாகியிருக்கிறது.’

முதல்வர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அழகா ஒரு கதை இருந்துதே, ஸ்யாமளா” என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

வீட்டில் சொல்ல இன்னும் இரண்டு மாலைகள் இருந்தன. இரண்டிலும் அவள் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். முதல் மாலை அவர் தன் அங்கவஸ்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார். இரண்டாம் மாலை ஒன்றும் பேசவில்லை. அவளும் பேசவில்லை. இத்தனை வருஷமாக அந்த வீட்டின் மௌனத்துக்குள் எதுவும் ஒளித்து வைக்கப்பட்டதில்லை. இப்போது ஒன்று இருந்தது.

திறப்பு நாளன்று பத்தரை மணிக்கு ரிக்‌ஷா வந்து நின்றது. மாநாட்டுக்கு வந்திருந்த கூட்டத்தில் கொஞ்சம் கல்லூரிக்கும் வந்திருந்தது. ஹாலாஸ்யம் கைத்தடியை ஊன்றி, முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கணக்கு வாத்தியார்; படிகளைத் தாண்டமாட்டார். நான்காவதற்கு வந்ததும் கைத்தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, படத்தைப் பார்ப்பதற்கு முன் அட்டையைப் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இன்னொரு தடவை கிட்டே போய்ப் படித்தார். பின் நடந்துபோய் இரண்டாவதைப் பார்த்தார். எட்டாவதைப் பார்த்தார். நான்காவதற்குத் திரும்பி வந்தார்.

ஸ்யாமளா சன்னலோரமாக நின்றாள். பக்கத்தில் போகவில்லை.

பலகைக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த சோணையம்மாள் எழுந்தாள். “டீச்சரோட அப்பாவா? வாங்கய்யா. உக்காருறீகளா?”

அவர் உட்காரவில்லை. “கருக்கரிவாள்னா?” என்று கேட்டார்.

“பல்லு வச்ச அருவாங்கய்யா. நெல்லு அறுக்குறது. இந்தா, இப்பிடி இழுத்துரும்.” இடது கையைக் காட்டினாள்.

ஹாலாஸ்யம் அந்தக் கையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார்.

“மடங்காதா?”

“மடங்காதுய்யா. அதுக்கென்ன, சோத்தாங்கை நல்லாத்தான இருக்கு. சாப்பாட்டுக்குக் கொறையில்ல.”

அவர் தலையசைத்தார். பிறகு தன் வலது கையை முன்னால் நீட்டி, இடதையும் நீட்டி, எந்தக் கை எங்கே மாறுகிறது என்று மனசுக்குள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பவர் போல இரண்டையும் ஒருதரம் மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டார். கணக்கு சரியாகத்தான் வந்திருக்க வேண்டும். ஸ்யாமளாவின் பக்கம் திரும்பி, “ரிக்‌ஷா இருக்கோ?” என்றார்.

வழியில் மாநாட்டு வளைவின் கீழ் கூட்டத்துக்காக ரிக்‌ஷா கால் மணி நேரம் நின்றது. ஒலிபெருக்கியில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். “எப்போ தெரிஞ்சுது?” என்று ஹாலாஸ்யம் கேட்டார்.

“மூணு நாளாச்சு.”

“ம்.”

அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் அங்கவஸ்திரத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார். படத்துக்கு எதிரே இருந்த தன் நாற்காலியை நகர்த்தவில்லை. அதில் உட்கார்ந்து மோர் குடித்தார்.

மாநாடு முடிந்து வளைவுகளைப் பிரித்தார்கள். பொங்கல் போயிற்று. ஒன்பது படங்களும் தகரப் பெட்டிக்குள் திரும்பின. தை அமாவாசை வந்தது. அன்று விடியற்காலையில், அப்பா குளிக்கப் போயிருந்தபோது, ஸ்யாமளா கூடத்தில் முக்காலியைப் போட்டு ஏறினாள். சட்டத்தின் இரண்டு பக்கமும் பிடித்தாள். குடத்துத் தண்ணீர் சத்தம் நின்றது. ஈரத் துண்டோடு அவர் வந்து நிற்பது தெரிந்தது.

“இறக்கிடட்டுமாப்பா?”

அவள் முக்காலியின் மேலேயே, சட்டத்தைப் பிடித்தபடி நின்றாள். கைக்கு நேரே அந்த முகம் இருந்தது. காது, மூக்கு, கழுத்து எதுவும் பார்க்காமல் அவள் முகத்தை மட்டும் பார்த்தாள். அது யாரைப் போலவும் இல்லை.

“அது பழைய சுவர். ஆணியை இழுத்தா காரை பேந்துடும்” என்றார் ஹாலாஸ்யம். “இருக்கட்டும்.”

அவள் இறங்கினாள்.

அவர் மனையைப் போட்டு உட்கார்ந்தார். தர்ப்பைப் பவித்திரத்தை விரலில் போட்டுக்கொண்டார். ஸ்யாமளா எள் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையலறை வாசலில் நின்றாள். மந்திரம் ஓடியது. அம்மாவின் பெயரைச் சொல்லி மூன்று தடவை எள்ளும் தண்ணீரும் விட்டார். அடுத்து ஜகதாம்பாளின் பெயரைச் சொன்னார். பழையபடி கை ஒரு நொடி நின்றது. பிறகு நீர் விழுந்தது.

எல்லாம் முடிந்து அவர் எழுந்து கூடத்தைத் தாண்டிப் போனபோது படத்தின் முன் நிற்கவில்லை. அதைப் பார்க்காமலும் போகவில்லை. எள் எங்கே போயிற்று என்று அவளும் கேட்கவில்லை.